மாடல் ரயில் கிளப்பில் யார் யாரைக் கலாய்க்கலாம்?

பிரிட்டனில் மாடல் ரயில் கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு பழைய பள்ளிக்கூட அறை, தேவாலயத்தை ஒட்டிய கூடம், இல்லாவிட்டால் யாரும் கேட்காத ஒரு கிடங்கு. வாரத்தில் ஒரு மாலை கூடுவார்கள். அறையின் நாலு பக்கமும் இடுப்புயரத்துக்கு மரப் பலகை, அதன்மேல் தண்டவாளம், ஊர், பாலம், மலை. ரயில் ஓட்டுகிறவர் நடுவில் விட்டிருக்கும் இடைவெளியில் நிற்க வேண்டும். அங்கே போகத் தனி வழி கிடையாது. பலகைக்கு அடியில் குனிந்து, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நாற்பது வயதில் இதைக் கட்டியபோது அது யாருக்கும் ஒரு விஷயமாகவே தெரிந்திருக்காது. எழுபதில் உள்ளே போன ஆள் வெளியே வர நேரமானால் மேலிருந்து ஒரு குரல் வரும்.

"என்னப்பா, கீழே புது ஸ்டேஷன் ஏதாவது திறந்துட்டியா?"

"திறந்து ரொம்ப நாளாச்சு. லிஃப்ட் வைக்கத்தான் பணம் வரலை."

நாலு பேர் சிரிப்பார்கள். ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். அடுத்த கூட்டத்தில், அந்த இடத்தில் பலகையை வெட்டிக் கீல் வைத்து, கதவு மாதிரி தூக்கித் திறக்கும்படி செய்யலாம் என்று தீர்மானம் போடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் முழங்கால் வலியைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

வயதான ஆண்கள் நேராகப் பேசிக்கொள்ளாத உடம்பு, தனிமை, சாவு எல்லாமே இந்தக் கூடங்களில் கேலியாகத்தான் பேசப்படுகின்றன. அது அவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. அதே கேலிதான் பெண்களை வாசலோடு நிறுத்தியும் வைத்தது. இது எப்படி என்று பார்ப்பதற்கு முன், இந்தக் கூடத்தில் இவ்வளவு நரைத்த தலை எப்படிச் சேர்ந்தது என்று பார்த்துவிடலாம்.

லண்டனில் மாடல் ரயில் கிளப் தொடங்கியது 1910-இல். உலகத்திலேயே பழையது அதுதான் என்கிறார்கள். 1901-இல் மெக்கானோ என்ற உலோகப் பாகங்களைப் பூட்டிக் கட்டும் விளையாட்டுச் சாமானுக்குக் காப்புரிமை வாங்கிய லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலை விற்கத் தொடங்கினார். 1938-இல் சாப்பாட்டு மேஜைமேல் ஓடும் அளவுக்குச் சிறிய ஹார்ன்பி டப்ளோ வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில், கிறிஸ்துமஸ் காலையில் ரயில் செட் கிடைப்பது ஒரு பிரிட்டிஷ் பையனின் பிறப்புரிமை மாதிரி ஆகிவிட்டது. வெளியே நிஜ ரயில் இருந்தது. நோட்டும் பென்சிலுமாகப் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்வது அந்தக் காலத்துச் சிறுவர்களின் சனிக்கிழமை வேலை. 1942 முதல் இயன் ஆலன் வெளியிட்ட எண் பட்டியல் புத்தகங்கள் அவர்கள் சட்டைப்பையில் இருந்தன. 1968 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதையில் நீராவி ரயிலுக்குப் பிரியாவிடை ஓட்டம் நடந்தது. அன்று பத்து வயதுப் பையனாகப் பாலத்தின் மேல் நின்றவர் இப்போது ஓய்வூதியக்காரர்.

இடையில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கும். பதினாறு வயதில் ரயில் பெட்டி பரணுக்குப் போகும். பிறகு வேலை, காதல், கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகள். ஐம்பது ஐம்பத்தைந்தில் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் ஒரு அறை காலியாகும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். அப்போது பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்குவார்கள். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு எப்போது பார்த்தாலும் கிழடு தட்டியே தெரிகிறது. "இன்னும் பத்து வருஷத்தில் நம்மோடு முடிந்தது" என்ற புலம்பலும் பழசுதான். இப்போது மட்டும் அதில் கொஞ்சம் உண்மை சேர்ந்திருக்கிறது. பரணில் ரயில் பெட்டி வைத்திருக்கும் கடைசிப் பெரிய தலைமுறை இதுவாக இருக்கலாம். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் பரணில் வீடியோ கேம்தான் இருக்கிறது.

சரி, கேலிக்கு வருவோம்.

வெளியாள் முதலில் கேட்பது கட்சிச் சண்டை. 1923 முதல் 1947 வரை பிரிட்டனில் நான்கு பெரிய ரயில் கம்பெனிகள் இருந்தன. அவற்றில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பக்தர்கள் அதன் GWR என்ற மூன்று எழுத்துகளுக்கும் 'காட்ஸ் வொண்டர்ஃபுல் ரயில்வே', அதாவது 'கடவுளின் அற்புத ரயில்வே' என்று விரிவு சொல்வார்கள். எதிர்க்கட்சி அதே எழுத்துகளை 'கிரேட் வே ரவுண்ட்', அதாவது 'பெரிய சுற்றுவழி' என்று படிக்கும். "உங்க கம்பெனி எஞ்சின் எல்லாம் ஒரே மாதிரிதானே, பெயர்ப்பலகையை மட்டும் மாத்தி மாத்தி ஒட்டினாங்க" என்பது அவர்களைச் சீண்டும் நிரந்தர வசனம். டீசல் பிரியர்கள் நீராவி எஞ்சினைக் 'கெட்டில்' என்பார்கள், டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் அதே கெட்டில்தான். நீராவிக்காரர்களுக்கு டீசல் எஞ்சின் சக்கரம் வைத்த பெட்டி. இதில் வயதும் ஒளிந்திருக்கிறது. கெட்டில் பிரியர் எழுபதுக்கு மேல், டீசல் பிரியர் ஐம்பதை ஒட்டி. ஒருவர் பாலியத்தை இன்னொருவர் கிண்டல் செய்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் துல்லியச் சண்டை. பிரிட்டனில் பரவலாக ஓடும் இரட்டை ஓ (OO) என்ற மாடல் அளவில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. வண்டி ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் கணக்கில் செய்யப்படுகிறது. தண்டவாள அகலமோ 16.5 மில்லிமீட்டர். அந்தக் கணக்குப்படி அது 4 அடி 1½ அங்குலம்தான் ஆகிறது. நிஜப் பாதை 4 அடி 8½ அங்குலம். அதாவது ஒவ்வொரு ரயிலும் ஏழு அங்குலம் ஒடுங்கிய பாதையில், கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடுகிறது. இதைப் பொறுக்க முடியாதவர்கள் 18.83 மில்லிமீட்டருக்குக் கையாலேயே தண்டவாளம் செய்துகொள்கிறார்கள். அவர்களை மற்றவர்கள் 'ரிவெட் எண்ணுகிறவர்' என்பார்கள். எஞ்சின் பக்கவாட்டில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி எத்தனை இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துக் குறை சொல்லும் ஆள். அவர் வாய் திறந்தால் பதிலுக்கு 'ஒன்றாம் விதி' வரும்: என் ரயில்வே, என் இஷ்டம். 1930-களின் ஸ்டேஷனில் 1970-களின் டீசல் வந்து நின்றால் இந்த விதியைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கையைப் பற்றிய ஜோக். நீராவி எஞ்சின்களைச் சக்கர எண்ணிக்கையால் வகைப்படுத்துவார்கள். முன்னால் சின்னச் சக்கரம் எத்தனை, நடுவில் இழுக்கும் சக்கரம் எத்தனை, பின்னால் எத்தனை என்று. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற எஞ்சின் 4-6-2. கண்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் திடீரென்று நின்றுவிட்டால், மேலிருந்து ஒரு பிரம்மாண்டமான மனிதக் கை இறங்கி அதைத் தட்டிவிடும். அந்தக் கைக்கு இவர்கள் வைத்த பெயர் 0-5-0. ஐந்து விரல். "இன்னைக்கு ஜீரோ-ஃபைவ்-ஜீரோவுக்கு ஓவர்டைம் போல" என்று பக்கத்து மேஜையில் ரயில் ஓட்டுகிறவர் சொல்வார். அந்தக் கை நடுங்கினால் மட்டும் சொல்ல மாட்டார். அவரே எழுந்து வந்து, கவிழ்ந்த பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "உன் லைன்மேன் சரியில்லை" என்று தண்டவாளத்தின்மேல் பழி போட்டுவிட்டுப் போவார். எங்கே நிறுத்துவது என்பதும் இந்தக் கலையில் ஒரு பகுதி.

உடம்பு தளர்வதை இந்தக் கேலிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. வெள்ளெழுத்து வந்ததும் 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் 'N' என்ற குட்டி அளவு ரயிலின் கொக்கி தெரியாது. உடனே பெரிய அளவுக்கு மாற வேண்டும். வயது ஏற ஏற வண்டியும் பெருத்து, கடைசியில் தோட்டத்தில் ஓடும் ரயிலில் போய் முடியும் என்பார்கள். சிக்கல் என்னவென்றால் பெரிய அளவுக்குப் பெரிய பலகை வேண்டும், பெரிய பலகையைத் தூக்கி வேனில் ஏற்ற இளவட்டம் வேண்டும். கண்ணை மிச்சம் பிடித்தால் முதுகு போகும். காது மந்தமானவர்கள் எஞ்சினுக்குள் வைத்த சின்ன ஸ்பீக்கரின் சத்தத்தை முழுசாக ஏற்றிவைத்து, அது சன்னமாகத்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பச்சை நிறச் சண்டை இன்னும் சுவையானது. கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களின் பச்சை சரியாக எந்தப் பச்சை என்பது முடிவே வராத விவாதம். அந்தக் காலத்து வண்ணப் புகைப்படங்கள் குறைவு, இருப்பவையும் நிறம் மாறிப்போனவை. "நான் கண்ணால் பார்த்தேன்" என்பதே கடைசி ஆதாரம். ஆனால் வயதாக ஆக விழிவில்லை மெல்ல மஞ்சளாகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு நீலமெல்லாம் புதிதாகப் பளிச்சென்று தெரியும். ஒரு கண்ணில் அறுவை முடிந்து மற்றக் கண் பாக்கி இருப்பவர் ஒருவரே இரண்டு பச்சைக்கும் சாட்சி சொல்லலாம். இந்த அழகில்தான் இரண்டு கிழவர்கள் ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு மாலை முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆண்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்து மனசைத் திறக்க மாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று கையில் ஒரு வேலை இருந்தால் பேசுவார்கள். ஆஸ்திரேலியாவில் வயதான ஆண்களுக்காகத் தொடங்கிய பட்டறைச் சங்கங்கள் இந்த நம்பிக்கையில் எழுந்தவைதான். மாடல் ரயில் கிளப்கள் அந்தப் பெயர் இல்லாமலே பல காலமாக அதைச் செய்துவருகின்றன. ஒரு ஸ்விட்சுக்கு வயர் பற்றவைத்துக்கொண்டே, "ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்பது எளிது. கேட்பவரும் பதில் சொல்பவரும் வயரையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெளியாரின் ஏளனமும் இந்தக் கேலியை வளர்த்தது. வளர்ந்த ஆள் பொம்மை ரயில் ஓட்டுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் 1940-களின் அமெரிக்க நகரம் ஒன்றை 23 ஆண்டுகளாகக் கட்டிய கதை 2019-இல் வெளியே வந்தது. கச்சேரிப் பயணங்களில் ஓட்டலில் இதற்கென்று தனி அறை எடுத்துக் கட்டடங்கள் செய்தவர் அவர். இதையெல்லாம் அவரே செய்திருப்பாரா என்று பிபிசி வானொலியில் சந்தேகம் கிளப்பியதும், நேரடி ஒலிபரப்புக்கே போன் போட்டு, தொண்ணூறு சதவீதம் தன் கைவேலை என்று சொல்லிவிட்டு வைத்தார். ராக் ஸ்டாருக்கே இந்த நிலை என்றால் தபால் நிலையத்தில் ஓய்வுபெற்றவர் என்ன செய்வார்? ஊர் சிரிப்பதற்கு முன் தன்னைத் தானே சிரித்துக்கொள்ளக் கற்றுக்கொள்வார்.

இப்போது மனைவி ஜோக். இந்த உலகத்தில் இதைக் கேட்காமல் ஒரு மாலை கழியாது. "நான் செத்த பிறகு, இதையெல்லாம் நான் வாங்கியதாகச் சொன்ன விலைக்கே அவள் விற்றுவிடுவாளோ என்பதுதான் என் பயம்." புது எஞ்சின் வாங்கியவர் அதைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது, "இது பழசு, எப்பவும் இருந்ததுதான்" என்று சொல்வது, மனைவியை 'மேலிடம்' என்று குறிப்பிடுவது எல்லாம் இதன் கிளைகள். சிரிப்பு வருகிற ஜோக்தான். ஆனால் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது மனைவி இல்லை. 'நான் செத்த பிறகு' என்ற மூன்று சொற்களைச் சத்தமாகச் சொல்ல ஒரு சாக்கு. அந்தச் சாக்குக்காக வீட்டில் இருக்கிறவள் காலகாலமாகக் கஞ்சப் பிசினாரியாகவும் போலீஸ்காரியாகவும் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. அதே பெண்தான் கிளப் கண்காட்சியில் டீயும் கேக்கும் விற்று, கூடத்து வாடகையில் ஒரு பங்கைத் தேற்றித் தருகிறாள். உடம்பைப் பற்றிய கேலிகளில் சொல்பவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இதில் கேலிக்கு ஆளானவர் அந்த அறையிலேயே இல்லை. இவர்களின் ஜோக்குகளில் மிகவும் தேய்ந்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனைக்கும் இந்த உலகம் பெண்கள் இல்லாமல் உருவானதே இல்லை. ஜெர்மனியின் மார்க்லின், மாடல் ரயிலில் மிகப் பழைய பெரிய பெயர். 1859-இல் கோப்பிங்கனில் அது தொடங்கியபோது செய்தது பெண் குழந்தைகளுக்கான பொம்மை வீட்டுச் சமையல் சாமான். நிறுவனர் 1866-இல் இறந்துபோக, அவர் மனைவி கரோலின் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துத் தொழிலைக் காப்பாற்றினார். ஒரு பெண் தனியாக விற்பனைப் பயணம் போவதே அப்போது கேள்விப்படாத விஷயம். ரயில் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து, 1891-இல். கடந்த நாற்பது ஆண்டுகளில் குழந்தைகளை ரயில் பக்கம் இழுத்ததில் தாமஸ் என்ற நீல எஞ்சினுக்கு இணையே கிடையாது. கதைகளை எழுதியவர் பாதிரியார் ஆட்ரி, அவரே மாடல் ரயில் பித்தர். அதை 1984-இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது பிரிட் ஆல்கிராஃப்ட் என்ற பெண். திரையில் ஓடியது நிஜ மாடல் ரயில், அடியில் இருந்த சேசிஸ் மார்க்லினுடையது.

பெண்களையும் இழுக்கலாம் என்று தொழில் நினைத்தபோது என்ன செய்தது தெரியுமா? 1957-இல் அமெரிக்காவின் லயனல் கம்பெனி சிறுமிகளுக்கென்று ஒரு ரயில் செட் போட்டது. இளஞ்சிவப்பு எஞ்சின், அதன் பின்னால் வெளிர்மஞ்சள், வெளிர்நீலம், ஊதா நிறத்தில் சரக்குப் பெட்டிகள். கடைகளில் தேங்கிப்போனது. ரயில் வேண்டும் என்று அடம்பிடிக்கிற சிறுமி கேட்டது கரி பூசினாற்போல் கறுப்பாக, நிஜமாக இருக்கிற ரயிலை. அண்ணனுக்குக் கிடைத்தது. விற்காமல் போனதாலேயே அபூர்வமாகி, அந்த இளஞ்சிவப்பு செட்டை இன்று பெரும் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கிழட்டு ஆண்கள். இதைவிடப் பெரிய ஜோக்கை எந்தக் கிளப்பிலும் சொல்ல முடியாது.

சின்ன உலகம் கட்டுவது ஆண் இயல்பு என்று யாராவது சொன்னால் நவராத்திரியில் மயிலாப்பூருக்கோ கும்பகோணத்துக்கோ கூட்டிப்போய்க் காட்டலாம். கொலுப் படிக்குக் கீழே பார்க் போடுவதும் இதே வேலைதான். முளைவிட்ட கேழ்வரகில் வயல், கண்ணாடித் துண்டில் குளம், மலை, கோயில், சில வீடுகளில் சுற்றி ஓட ஒரு பேட்டரி ரயிலும் உண்டு. யோசனை, மேற்பார்வை, கைவேலை எல்லாம் பெரும்பாலும் பெண்களுடையது. ஆண்கள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தருவார்கள், சீரியல் லைட் போடுவார்கள். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும் பஸ் அவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. அதற்காக யாரும் ரிவெட் எண்ணுவதில்லை.

கிளப்புக்கோ கண்காட்சிக்கோ தனியாக வரும் பெண் முதலில் சந்திப்பது ஒரு கேள்வியை. விற்பனை மேஜையில் ஒரு எஞ்சினை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், "கணவருக்கா, பையனுக்கா?" கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். கிளப்பில் சேர்ந்தால் மரம், வேலி, பூச்செடி வேலையை அவள் பக்கம் நகர்த்துவார்கள். மின்சாரம் ஆண்கள் பக்கமே நிற்கும். இன்னொரு தொல்லை அதிகம் கண்ணில் படுவதில்லை. அவளை யாரும் கலாய்க்க மாட்டார்கள். பழைய உறுப்பினரின் வளைந்த தண்டவாளத்தை நாலு பேர் சேர்ந்து வாருவார்கள். அவள் போட்ட தண்டவாளம் அதைவிடக் கோணலாக இருந்தாலும், "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேலிதான் அங்கே உறுப்பினர் அட்டை. மரியாதை கொடுத்தே ஒருவரை விருந்தாளியாகவே வைத்திருக்க முடியும். "கணவருக்கா?" என்ற கேள்விக்கு, "இல்லை, அவருக்குத் தெரியாம எனக்கு வாங்குறேன். வீட்ல கேட்டா பழசுன்னு சொல்லிடுவேன்" என்று ஒரு பதில் கைவசம் இருந்தால் காரியம் பாதி முடிந்த மாதிரி. மனைவி ஜோக்கை அவர்கள் கையிலிருந்தே பிடுங்கித் திருப்பிப் போட்டால் அந்த மேஜை அவளை மறக்காது.

தானாக மாறும் என்று காத்திருக்காமல் கணக்குப் போட்டு மாற்றியவர்கள் ஹாம்பர்க்கின் பிரவுன் சகோதரர்கள். மினியாட்டூர் வுண்டர்லாந்து என்ற மாடல் ரயில் காட்சிக்கூடத்தைத் தொடங்கும் முன், ஹாம்பர்க்கில் எந்தெந்த இடத்தைப் பார்க்கப் பிடிக்கும் என்று இணையத்தில் கருத்துக் கேட்டார்கள். இன்னும் கட்டாத இந்த ரயில் உலகம் ஆண்கள் பட்டியலில் மேலே வந்தது, பெண்கள் பட்டியலில் அடிமட்டம். அதைப் பார்த்துத் திட்டத்தைக் கைவிடவில்லை. 2001-இல் அவர்கள் திறந்துவைத்ததில் ரயில் மட்டும் ஓடவில்லை. கால்மணிக்கொரு முறை பகலும் இரவும் மாறி மாறி வரும், தெருவில் கார்கள் ஓடும், மூலைக்கு மூலை குட்டி மனிதர்கள் ஏதாவது ஒரு குறும்பு செய்துகொண்டிருப்பார்கள். எஞ்சின் எண் தெரியாதவரும் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். பிரிட்டனில் 2018-இல் சேனல் 5 நடத்திய மாடல் ரயில் போட்டியின் இரண்டு நடுவர்களில் ஒருவர் கேத்தி மில்லட், மாடல் செய்வதையே தொழிலாகக் கொண்டவர். தேர்ந்த கை ஒரு பெண்ணுடையதாக இருப்பதை வரவேற்பறையில் உட்கார்ந்து நிறையப் பேர் பார்த்தது அப்போதுதான்.

2024 ஜனவரியில் அடுத்தடுத்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. பர்மிங்ஹாமின் என்.இ.சி. அரங்கில் வார்லி கிளப் நடத்திவந்த பெரிய கண்காட்சி 2023 நவம்பரோடு முடிந்தது, எடுத்து நடத்த உறுப்பினர் போதவில்லை. 1946-இல் லிவர்பூலில் தொடங்கிய ஹேட்டன்ஸ் என்ற மாடல் ரயில் கடையும் மூடப்போவதாகச் சொன்னது. இரங்கல் கட்டுரைகள் எழுத அது போதுமாக இருந்தது. ஆனால் 2019-இல் ஸ்டாம்ஃபோர்டில் விடலைகள் புகுந்து கண்காட்சியை அடித்து நொறுக்கியபோது, மார்க்கெட் டீப்பிங் கிளப் 500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று கேட்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தது. பொம்மை ரயில் என்று சிரித்த அதே ஊர்தான் கொடுத்தது.

இப்போது கிளப்களைத் தேடிவரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை, கணவரை இழந்த பெண்களிடமிருந்து வருவது. பரண் முழுக்கப் பெட்டி, எது என்ன என்று தெரியவில்லை, ஒரு வியாபாரி வந்து மொத்தத்துக்கும் ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கொடுக்கலாமா? இரண்டு பேர் போய்ப் பார்ப்பார்கள். ஒரிஜினல் அட்டைப்பெட்டி இருக்கிறதா, எஞ்சின் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் போட்டு, கிளப் மேஜையிலோ ஏலத்திலோ விற்றுத் தருவார்கள். அந்த மேஜையில் பாதி விலைக்கு எஞ்சின் கிடைப்பதால்தான், புதுசு வாங்க வசதியில்லாத இருபது வயதுக்காரர்கள் உள்ளே வர முடிகிறது. உயிரோடு இருக்கும்போதே பட்டியலை எழுதி வையுங்கள் என்று கிளப்களில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சிலர் எழுதியும் வைக்கிறார்கள். விலைக் கட்டத்தை மட்டும் பென்சிலில் நிரப்புகிறார்கள்.